பந்தயக் குதிரையின் குருதியில் கோபால்ட்: வரம்பு யாருக்காக?

கேரளத்தில் உரிமம் பெற்ற குதிரைப் பந்தய மன்றம் ஒன்றுகூடக் கிடையாது. விழிஞ்ஞத்தில் இருப்பவர் முறையான பந்தயம் பார்க்க விரும்பினால் சென்னைக்கோ மைசூருக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டும். என்றாலும், பத்தாண்டுக்கு மேலாகப் பந்தய உலகத்தை நீதிமன்றப் படியேற வைத்திருக்கும் ஒரு தனிமம் விழிஞ்ஞம் மீன்பிடித் துறையில் நாள்தோறும் கரையேறிக்கொண்டுதான் இருக்கிறது. சாளையிலும் அயிலையிலும் நிறைந்திருக்கும் பி12 வைட்டமினின் நடுவில் ஒரேயொரு கோபால்ட் அணு இருக்கிறது. அந்த அணு இல்லாவிட்டால் அது வைட்டமினே இல்லை; மனிதருக்கும் குதிரைக்கும் நல்ல இரத்தம் ஊறாது. அதே கோபால்ட்டை உப்பாகக் கரைத்துக் குதிரையின் கழுத்து நாளத்தில் ஏற்றினால் அது ஊக்கமருந்துக் குற்றம். உணவு எங்கே முடிகிறது, மருந்து எங்கே தொடங்குகிறது, நஞ்சு எது, இதற்கெல்லாம் கோடு போடுவது யார், கோட்டைத் தாண்டினால் தண்டனை யாருக்கு என்பவை எளிதில் தீராத கேள்விகள்.

சர்வதேசக் குதிரைப் பந்தய ஆணையங்களின் கூட்டமைப்பு வகுத்திருக்கும் வரம்பு இது: ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 100 நானோகிராம், பிளாஸ்மாவில் 25 நானோகிராம். இதைத் தாண்டினால் வென்ற குதிரையின் வெற்றி பறிபோகும். பயிற்சியாளர் விசாரணைக்கு நிற்க வேண்டும். இந்த வரம்பு இருக்க வேண்டும் என்பதே என் நிலை. ஆனால் அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அதாவது கோபால்ட் குதிரையை வேகமாக ஓடவைக்கிறது என்பது, பலவீனமானது. வலுவான காரணம் வேறு இருக்கிறது. அந்தக் காரணத்தை முன்னால் வைத்தால் விதியும் வேறு மாதிரி எழுதப்பட வேண்டியிருக்கும்.

முதலில் கோபால்ட் எப்படி உடலுக்குள் வந்தது என்று பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளில் ஆடுமாடுகள் பச்சைப் புல் நடுவிலேயே மெலிந்து சாகும் நோய் ஒன்று நெடுங்காலம் இருந்தது. இரும்புக் குறைவு என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1935இல் அங்கே இரு வேறு ஆய்வுக் குழுக்கள், அது மண்ணில் கோபால்ட் இல்லாததால் வரும் நோய் என்று கண்டுபிடித்தன. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் கோபால்ட்டை வைத்துத்தான் பி12ஐக் கட்டுகின்றன. கோபால்ட் வராவிட்டால் அந்த உலை அணைந்துவிடும். பி12 தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1948இல்தான். அதன் வடிவத்தை 1950களில் எக்ஸ் கதிர்களால் கண்டு சொன்ன டொரோத்தி ஹாட்ஜ்கினுக்கு 1964இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் ஊரில் கறவை மாட்டுக்குக் கொடுக்கும் தாது உப்புக் கலவையில் கோபால்ட் சேர்ந்திருப்பதற்கு வேர் அந்த மெலிந்த ஆடுகளில் இருக்கிறது.

குதிரையின் கதை வேறு. அது அசைபோடுவதில்லை. அதன் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பி12ஐச் செய்து கொடுக்கின்றன. அதற்கு மிகச் சொற்பமான கோபால்ட் போதும். ஒரு கிலோ உலர்தீவனத்துக்கு 0.05 மில்லிகிராம் என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2007இல் கணக்கிட்டது. 500 கிலோ எடையுள்ள குதிரை நாளுக்குப் பத்துக் கிலோ தீவனம் தின்றால், அதற்கு வேண்டிய கோபால்ட் அரை மில்லிகிராம். ஓட்ஸ், கொள்ளு, குதிரை மசால், காய்ந்த புல் என்று தொழுவத்தில் வழக்கமாகப் போடும் தீவனத்திலேயே அது வந்துவிடும். கோபால்ட் குறைவால் நோயுற்ற குதிரை என்று கால்நடை மருத்துவ நூல்கள் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் பாதி விவாதம் தெளிந்துவிடும். பந்தயக் குதிரைக்குத் தனியாகக் கோபால்ட் ஊட்ட வேண்டிய மருத்துவத் தேவை கிடையாது.

பிறகு ஏன் ஊட்டினார்கள்? அதற்கு மனித மருத்துவத்தின் பழைய பக்கம் ஒன்றைத் திருப்ப வேண்டும். எலிகளுக்குக் கோபால்ட் கொடுத்தால் சிவப்பணுக்கள் பெருகுகின்றன என்பது 1920களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. அதன் பிறகு சில பத்தாண்டுகளுக்குக் கோபால்ட் குளோரைடு மனிதரின் இரத்தசோகைக்கு மருந்தாகவே கொடுக்கப்பட்டது. சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள் எனப் பலரும் அதை விழுங்கினார்கள். இரத்தம் கூடியது உண்மை. கூடவே தைராய்டு வீங்கியது, குமட்டல் வந்தது, சிலருக்குக் காது மந்தமானது, நரம்புகள் கெட்டன. மருத்துவர்கள் மெல்ல மெல்ல அதைக் கைவிட்டார்கள். இன்னொரு கொடுமை 1965, 1966 ஆண்டுகளில் கனடாவின் கியூபெக் நகரில் நடந்தது. பீரின் நுரை கலையாமல் நிற்பதற்காக ஓர் ஆலை கோபால்ட் உப்பைச் சேர்த்தது. அந்த பீரை நிறையக் குடித்து வந்தவர்களில் சுமார் ஐம்பது பேருக்கு இதயத் தசை செயலிழந்தது. இருபது பேர்வரை இறந்தார்கள். நுரைக்காகச் சேர்த்த பொருள் இதயத்தை நிறுத்தியது. கோபால்ட் வெறும் சத்துப்பொருள் என்று வாதிடுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்த இருபது பேருக்குத்தான்.

கோபால்ட் எப்படி இரத்தத்தைக் கூட்டுகிறது என்பது பின்னால்தான் விளங்கியது. உடலில் ஆக்சிஜன் குறையும்போது உயிரணுக்களுக்குள் ஒரு புரதம் நிலைபெற்று எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும். அந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது சில நொதிகள் அந்தப் புரதத்தை உடனுக்குடன் அழித்துவிடும். கோபால்ட் அந்த நொதிகளை முடக்குகிறது. ஆக்சிஜன் இருந்தும் இல்லாததுபோல் உடலை ஏமாற்றுகிறது. ஆக்சிஜனை உயிரணு உணரும் இந்த வழியைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. செயற்கை எரித்ரோபொய்டினை ஊசியாகப் போட்டால் சோதனையில் மாட்டிக்கொள்ளலாம்; கோபால்ட் உப்போ மலிவானது, வேதிப்பொருள் கடையில் கிடைப்பது, வெகுகாலம் எந்த ஆய்வகமும் தேடாதது. தொழுவங்களுக்குள் அது நுழைந்த வழி இதுதான்.

வெளிச்சம் விழுந்தது 2014இல். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் மெடோலண்ட்ஸ் திடலில் வண்டி பூட்டி ஓடும் பந்தயங்கள் நடக்கின்றன. அதன் உரிமையாளர் ஜெஃப் குரால் குதிரைகளின் மாதிரிகளை ஹாங்காங் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்து, அளவு மிகுந்திருந்த குதிரைகளின் பயிற்சியாளர்களைத் தன் திடலுக்குள் விட மறுத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் ஒரு லிட்டர் சிறுநீருக்கு 200 மைக்ரோகிராம் என்ற வரம்பைக் கொண்டுவந்தது. 2015 தொடக்கத்திலிருந்து அது ஆஸ்திரேலியா முழுவதற்கும் விதியானது. 2016 செப்டம்பரில் 100 ஆகக் குறைந்தது.

விக்டோரியாவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க இன்று பேசப்படும் வாதங்கள் எல்லாம் அங்கேதான் முதலில் வழக்கு மன்றத்தில் மோதின. 2015 ஜனவரியில் டேனி ஓ'பிரையன், மார்க் கவனா, பீட்டர் மூடி ஆகிய மூன்று பெரும் பயிற்சியாளர்களின் குதிரைகள் வரம்பைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. இருபத்தைந்து பந்தயம் ஓடி ஒன்றில்கூடத் தோற்காத பிளாக் கேவியர் குதிரையைப் பழக்கியவர் மூடி. அவர் வழக்கில் சிக்கியது லிடாரி என்ற குதிரை. மூடி தெரிந்தே செய்தார் என்பதை மாநிலத்தின் பந்தய ஒழுங்கு வாரியம் ஏற்கவில்லை. குதிரைக்குக் கொடுத்த துணைத்தீவனம் பற்றிய விளக்கங்கள் நெடுநேரம் அலசப்பட்டன. ஆனாலும் குதிரை அவருடைய பொறுப்பு என்பதால் 2016 மார்ச்சில் ஓராண்டு இடைநீக்கம் விதித்து, அதில் பாதியை நிறுத்திவைத்தது. அவர் மனம் வெறுத்துத் தொழிலை விட்டே போனார். சில ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

மற்ற இருவர் வழக்கு இன்னும் சிக்கலானது. அவர்களுடைய குதிரைகளுக்கு ஏற்றப்பட்ட மருந்து, வைட்டமின் கலவை என்ற பெயரில் ஒரு கால்நடை மருத்துவர் வழியாக வந்த புட்டி. அதற்குள் கோபால்ட் இருந்தது. வாரியம் இருவருக்கும் பல ஆண்டுத் தடை விதித்தது. மேல்முறையீட்டில், 2017இல், மாநிலத்தின் நிர்வாகத் தீர்ப்பாயம் அவர்களுக்குக் கோபால்ட் பற்றித் தெரியாது என்று கண்டு தடையை நீக்கியது. அதன் பிறகும் வழக்கு மேல் மன்றம் வரை நீண்டது. இதே ஓ'பிரையன் பழக்கிய வவ் அண்ட் டிக்ளேர் என்ற குதிரை 2019இல் மெல்போர்ன் கோப்பையை வென்றது. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் தீர்ப்புகள் இன்னும் கடுமையாக இருந்தன. நியூகாசிலைச் சேர்ந்த டேரன் ஸ்மித் என்ற பயிற்சியாளருக்கு 2015இல் 15 ஆண்டுத் தடை கிடைத்தது. ஒரே தனிமம், ஒரே நாடு. ஒருவருக்கு 15 ஆண்டு, இன்னொருவருக்கு ஆறு மாதம், வேறு இருவருக்குத் தடை நீக்கம். தெரிந்து செய்தவரையும் தெரியாமல் மாட்டியவரையும் பிரித்துப் பார்க்க முயன்றதன் விளைவு என்று இதைச் சொல்லலாம். விதி பக்குவப்படும் முன்பே தண்டனை முந்திக்கொண்டதன் விளைவு என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை என்றே எனக்குப் படுகிறது.

இனி அறிவியல். கோபால்ட் குதிரையை உண்மையிலேயே வேகப்படுத்துகிறதா? இங்கேதான் தொழுவத்து நம்பிக்கையும் ஆய்வுக்கூட முடிவும் பிரிகின்றன. மனிதரிடமும் எலியிடமும் இரத்தம் கூட்டிய பொருள் குதிரையிடம் அப்படி நடந்துகொள்ளவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், பந்தய இனக் குதிரைகளுக்கு ஒருமுறை கோபால்ட் ஊசி போட்டு அளந்தார்கள். முடிவு 2015இல் வெளிவந்தது. சிவப்பணுக்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 2018இல் வெளிவந்த ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் துணிந்தது. ஐந்து பெண் குதிரைகளுக்கு வாரம் ஒருமுறையாக ஐந்து வாரம், உடல் எடையில் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் தொடங்கி 4 மில்லிகிராம் வரை கோபால்ட் குளோரைடு ஏற்றினார்கள். 500 கிலோ குதிரைக்கு இது ஒரு வேளைக்கு 125 முதல் 2,000 மில்லிகிராம். நாள் தேவையான அரை மில்லிகிராமை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தொழுவங்களில் நடந்தது எவ்வளவு பெரிய அத்துமீறல் என்று புரியும். எரித்ரோபொய்டின் ஏறவில்லை. ஏறியது இரத்த அழுத்தம். குதிரைகள் தரையைக் காலால் பறித்தன, மூக்குத் துளைகள் விரிந்தன, தசைகள் நடுங்கின.

குதிரையின் உடலே இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. குதிரையின் மண்ணீரல் சிவப்பணுக்களைப் பெருமளவில் சேமித்து வைத்திருக்கிறது. குதிரை ஓடத் தொடங்கியதும் அது சுருங்கி அத்தனையையும் இரத்தத்தில் தள்ளிவிடும். ஓய்விலிருக்கும் குதிரையின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு ஏறத்தாழ நாற்பது விழுக்காடு என்றால், முழு ஓட்டத்தில் அது அறுபதைத் தாண்டும். இயற்கை ஏற்கெனவே இவ்வளவு கொடுத்திருக்கும் உடலுக்கு மேலும் சிவப்பணு சேர்த்தால் இரத்தம் கெட்டிப்பட்டு இதயத்துக்குச் சுமைதான் கூடும். மருந்து விற்றவர்கள் இதைச் சொல்லவில்லை.

இந்த முடிவுகளை வைத்து, பயனே இல்லாத பொருளை ஏன் தடுக்க வேண்டும், வரம்பை எடுத்துவிடலாமே என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். பயனில்லை, தீங்கு மட்டும் உண்டு என்றால் தடுக்க வேண்டிய காரணம் இரட்டிப்பாகிறது. ஊக்கமருந்து விதிகளை நாம் மனித விளையாட்டிலிருந்து கடன் வாங்கியிருக்கிறோம். அங்கே ஓடுபவர் தானே முடிவெடுக்கிறார், தானே தண்டனை பெறுகிறார். ஆகவே நியாயமான போட்டி என்பதே விதியின் மையம். குதிரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. நடுங்கும் தசை அதனுடையது, பரிசுப் பணம் வேறொருவருடையது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2015 முதல் மனிதருக்குக் கோபால்ட்டைத் தடை செய்து, பி12ஐ மட்டும் விட்டுவைத்தது. அந்தத் தடைக்கு நியாயம் தேட வேண்டிய அவசியம் மனித விளையாட்டில் இருக்கலாம். குதிரைக்கு அது தேவையில்லை. அதன் இரத்த அழுத்தமே போதுமான சாட்சி.

வரம்பின் எண்ணைப் பற்றிய சண்டை நேர்மையானது, அதைத் தள்ளிவிட முடியாது. உடலில் இயல்பாக இருக்கும் பொருளுக்கு வரம்பு வைப்பது பந்தய உலகத்துக்குப் புதிதல்ல. ஆர்செனிக்குக்கு ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 0.3 மைக்ரோகிராம் என்ற எல்லை இருக்கிறது. ஆர்செனிக் கலந்த சத்து மருந்துகள் ஒரு காலத்தில் தொழுவங்களில் சாதாரணம். 1932இல் இறந்த ஆஸ்திரேலியாவின் பெருங்குதிரை ஃபார் லாப்பின் முடியைப் பிற்காலத்தில் சோதித்தபோது, சாவதற்குச் சற்று முன் அதன் உடலில் நிறைய ஆர்செனிக் போயிருந்தது தெரிந்தது. சோடா உப்புக் கரைசலைக் குழாய் வழியாக வயிற்றில் ஊற்றித் தசைக் களைப்பைத் தள்ளிப்போடும் தந்திரத்தைப் பிடிக்க, இரத்தத்தின் மொத்தக் கரியமில வாயுவுக்கு லிட்டருக்கு 36 மில்லிமோல் என்ற எல்லை வந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. ஊசி போடாத ஏராளமான குதிரைகளை அளந்து, இயல்பான குதிரை ஒன்று தவறுதலாக மாட்டும் வாய்ப்பு பல்லாயிரத்தில் ஒன்றுக்குள் அடங்கும்படி கோட்டை உயரத்தில் வைப்பது.

கோபால்ட்டில் இது சற்றுத் திணறுகிறது. சோதனைக் கருவி மொத்தக் கோபால்ட்டைத்தான் எண்ணும். பி12க்குள் கட்டுண்ட கோபால்ட்டையும் உப்பாகத் திரியும் கோபால்ட்டையும் அது பிரித்துக் காட்டாது. பந்தயத்துக்கு முந்தைய நாளில் முறையாகப் போட்ட பி12 ஊசிகூடச் சிறுநீர் அளவைச் சில மணி நேரம் தூக்கிவிடும். இது முதல் குறை. அடுத்தது சிறுநீரின் இயல்பு. வெயிலில் வியர்த்து நீர் வற்றிய குதிரையின் சிறுநீர் அடர்ந்திருக்கும்; அதே கோபால்ட் அங்கே பெரிய எண்ணாகத் தெரியும். அமெரிக்காவில் பந்தய நாளன்று ஃப்யூரோசமைடு என்ற மருந்தைக் கொடுக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அது சிறுநீரை நீர்க்கச் செய்வதால் அங்கே எண் சிறிதாகத் தெரியும். ஆகவே அமெரிக்க ஆணையங்கள் இரத்தத்தை நம்பி, 25ஐத் தாண்டினால் எச்சரிக்கையும் கண்காணிப்பும், 50ஐத் தாண்டினால் கடும் தண்டனையும் என்று இரண்டு படிகளாக விதி வகுத்தன. எனக்கு இந்த இரு படி முறையே அறிவுக்கு ஒத்ததாகத் தோன்றுகிறது. 25க்கும் 50க்கும் நடுவில் நிற்கும் குதிரை, கவனக்குறைவான தீவனத்தால் வந்திருக்கலாம். நூற்றுக்கணக்கில் போகும் குதிரையின் உடலுக்குள் எவரோ ஊசி செலுத்தியிருக்கிறார். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது.

இந்தியாவுக்கு வருவோம். குதிரைக்கு எதை ஊட்டுவது என்ற கேள்வி தென்கடற்கரைக்குப் புதிதன்று. பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் காயல் உள்ளிட்ட பாண்டிய நாட்டுத் துறைகளில் இறங்கின. மார்க்கோ போலோ அதைப் பார்த்து வியந்தார், வேதனைப்படவும் செய்தார். வாங்கிய குதிரைகளில் பெரும்பகுதி ஆண்டு முடிவதற்குள் இறந்துவிடுகின்றன, இங்கே குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை, இறைச்சி சேர்த்த சோற்றை ஊட்டுகிறார்கள் என்று அவர் எழுதினார். வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் பிசைந்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்று தீவனப் பட்டியலையே எழுதிவைத்தார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். மனிதருக்கு நல்லது குதிரைக்கும் நல்லது என்ற எண்ணமே அத்தனைக்கும் பின்னால் இருந்தது. கோபால்ட் ஊசி போட்டவரின் எண்ணமும் அதிலிருந்து வெகுதூரம் விலகியதல்ல.

கிண்டியில் 1777 முதல் குதிரைகள் ஓடுகின்றன. பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1974இல் சட்டம் இயற்றியது. 1986இல் மதராஸ் ரேஸ் கிளப்பையே கையகப்படுத்த இன்னொரு சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1996 ஜனவரியில், டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமையால் தீர்மானமாகும் ஆட்டம் என்றது நீதிமன்றம். குதிரையின் பிறவித் திறன், பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன், இவற்றை எடைபோட்டுத்தான் ரசிகர் பணம் கட்டுகிறார் என்பதே அந்தத் தீர்ப்பின் அச்சாணி. ஊக்கமருந்து விவாதத்தில் இந்தத் தீர்ப்புக்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் குறை. குதிரையின் உடலில் என்ன ஏறியிருக்கிறது என்பது மறைந்திருக்கும் இடத்தில் எடைபோடுவதற்குத் திறமை எங்கே? மருந்துக் கட்டுப்பாடு தளர்ந்தால் பந்தயத்தைச் சட்டம் காக்கும் காரணமே தளர்ந்துபோகும். ரேஸ் கிளப்புகள் தங்கள் சொந்த நலனுக்காகவேனும் ஆய்வகத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டும்.

நடைமுறை அப்படி இல்லை. இந்தியாவில் பந்தய விதிகளை எழுதுபவையும் மீறியவரைத் தண்டிப்பவையும் அந்தந்த டர்ஃப் கிளப்புகளே. பந்தயம் நடத்தி வருமானம் பார்ப்பவரே நீதிபதியாகவும் அமர்கிறார். மாதிரிகள் டெல்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகத்துக்குப் போகின்றன. மனித விளையாட்டு மாதிரிகளைச் சோதிக்கும் அதன் அங்கீகாரத்தை உலக முகமை 2019 ஆகஸ்டில் நிறுத்திவைத்து, 2021 டிசம்பரில்தான் திருப்பித் தந்தது. 2017இல் பெங்களூரில் குவீன் லத்தீஃபா என்ற குதிரையின் மாதிரியில் புரோக்கெய்ன் என்ற மரப்பு மருந்து தென்பட்ட விவகாரம், அதைக் கையாண்ட விதத்துக்காகக் காவல் விசாரணை வரை போயிற்று. இவை கோபால்ட் வழக்குகள் அல்ல. ஆனால் கோபால்ட் போன்ற நுட்பமான வரம்பை நம்பி ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் முன், சோதிப்பவர் மீதும் தீர்ப்பளிப்பவர் மீதும் எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்பதை அவை காட்டுகின்றன.

அரசின் சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பதினோராம் பிரிவு, விலங்குக்குத் தீங்கு தரும் மருந்தையோ பொருளையோ வேண்டுமென்றே காரணமின்றிச் செலுத்துவதைக் குற்றம் என்கிறது. நல்ல சொற்கள். தண்டனை முதல் முறைக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். லட்சக்கணக்கில் பரிசு ஓடும் திடலில் ஐம்பது ரூபாய்! ஜல்லிக்கட்டுக்குத் தமிழ்நாடு 2017இல் எழுதிய விதிகள், வாடிவாசலுக்குப் போகும் முன்பே கால்நடை மருத்துவர் காளையைச் சோதிக்க வேண்டும் என்கின்றன. கிராமத்துக் காளைக்குக் கிடைத்த அரசின் கண், நகரத்துப் பந்தயக் குதிரைக்கும் கிடைக்க வேண்டும்.

இப்போது நடக்கும் முறையில் தண்டனையின் முழு எடையும் பயிற்சியாளர் தலையில் விழுகிறது. குதிரையைத் திடலுக்குக் கொண்டுவந்தவர் அவர், ஆகவே உடலில் இருப்பதற்கு அவரே பொறுப்பு என்பது விதி. இந்த விதி இல்லாவிட்டால் எல்லோரும் தெரியாது என்று கைவிரிப்பார்கள் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் விக்டோரியாவில் ஊசி போன பாதையைப் பாருங்கள். கலவையைச் செய்தவர், அதற்கு வேறு பெயர் ஒட்டியவர், விற்ற மருத்துவர், ஏற்றிய பணியாளர், கடைசியில் பயிற்சியாளர். சோதனை கடைசிக் கையை மட்டுமே பிடித்தது. தொழுவத்தில் இரவும் பகலும் குதிரையோடு கிடக்கும் சைஸ் எனப்படும் குதிரைப் பராமரிப்பாளர், புட்டியில் என்ன இருக்கிறது என்று வாசிக்க முடியாதவராகவே பெரும்பாலும் இருக்கிறார். பயிற்சியாளரின் தடைக்காலத்தில் முதலில் வேலையிழப்பவரும் அவர்தான்.

துணைத்தீவனப் பையிலும் ஊசிப் புட்டியிலும் ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் கோபால்ட் என்று அச்சிடுவதைக் கட்டாயமாக்கினால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே பிடிபடும். மாட்டுத் தாது உப்புக்கு நம் நாட்டில் தரநிர்ணயம் இருக்கிறது. அதைக் குதிரைக்கான பொருட்களுக்கும் நீட்டுவது கடினமல்ல. பி12ஐத் தவிர வேறு எந்த வடிவத்திலும் கோபால்ட்டைப் பந்தயக் குதிரைக்கு ஊசியாகப் போடுவதை, அளவு பார்க்காமல் அறவே தடை செய்ய வேண்டும். இயற்கைக் குறைபாடே இல்லாத விலங்குக்கு அதற்கு மருத்துவ நியாயம் கிடையாது. வரம்பு சோதனை பந்தய நாளோடு நிற்காமல், பயிற்சிக் காலத்தில் முன்னறிவிப்பின்றித் தொழுவத்திலேயே நடக்க வேண்டும். ஏனென்றால் இந்த உலோகம் ஏறிய சில நாட்களில் பெரும்பகுதி வெளியேறி, மிச்சம் வாரக்கணக்கில் உடலில் தங்கும். பந்தய நாளில் வரம்புக்குக் கீழே தெரியும் குதிரை, அதற்கு முந்தைய வாரங்களில் பட்ட பாட்டை அந்த எண் சொல்லாது. சென்னை வெயிலில், கொள்ளும் குதிரை மசாலும் தின்று வளரும் குதிரைகளின் இயல்பான அளவு என்ன என்பதையும் நம் கிளப்புகள் பொதுவெளியில் வைக்க வேண்டும். வெளிநாட்டுக் குதிரைகளின் எண்களை மட்டும் வைத்து இங்கே ஒருவரைத் தண்டிப்பது, அவர் குற்றவாளியாகவே இருந்தாலும், வழக்கைப் பலவீனமாக்கும்.

கிண்டி நிலத்தின் குத்தகையை 2024இல் தமிழ்நாடு அரசு ரத்து செய்தது. ஊட்டித் திடலையும் அதே ஆண்டில் திரும்ப எடுத்துக்கொண்டது. பந்தயத்தின் எதிர்காலம் பற்றிய பேச்சு முழுவதும் இன்று ஏக்கர் கணக்கிலும் வாடகைப் பாக்கியிலும் ஓடுகிறது. அந்தப் பேச்சுக்குள் குதிரையையும் கொண்டுவர வேண்டும். பந்தயம் நீடிக்கும்வரை, அது நடக்கும் மாநிலங்களின் கால்நடைத் துறைகள் டர்ஃப் கிளப்புகளிடம் கோபால்ட் உட்பட எல்லா மருந்துச் சோதனை முடிவுகளையும் ஆண்டுதோறும் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். விலங்குவதைச் சட்டத்தின் ஐம்பது ரூபாய் அபராதத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. விழிஞ்ஞமானாலும் கிண்டியானாலும், இதை வாசிப்பவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு அதைப் பற்றி ஒரு கடிதமாவது எழுதுங்கள்.